மதுரையில் மூன்று நாள், கொடைக்கானலில் நான்கு நாள்: கோடை விடுமுறைக் கேள்வி பதில்

இருபத்தாறு ஆண்டுகள் மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் இடையே சுற்றுலா வேன் ஓட்டினேன். இப்போது மகன் ஓட்டுகிறான்; நான் வருகிறவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுத் தருகிறேன். இந்த இரண்டு ஊரையும் நடுவில் உள்ள பாதையையும் பற்றிக் கேளுங்கள். ஊட்டி, மூணாறு பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு.

சென்னை வாசகர்: ஐயா, நாங்கள் நான்கு பேர், ஏழு நாள் விடுமுறை. எப்படிப் பிரிக்கலாம்?

வெள்ளிக்கிழமை காலை மதுரையில் இறங்குங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மதுரை. திங்கள் விடியற்காலை மலை ஏறுங்கள். வியாழன் மதியச் சாப்பாடு முடிந்ததும் இறங்கிவிடுங்கள். திரும்ப மதுரைக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானல் ரோடு ரயில் நிலையம் மலையிலிருந்து சுமார் 80 கி.மீ., சென்னைக்குப் போகும் இரவு ரயில்கள் சில அங்கே நிற்கும்.

கிழமைதான் முக்கியம். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வார நாள்களில் ஊரைப் பார்த்துவிட்டு வெள்ளி மாலை மலை ஏறுகிறார்கள். அதே மாலையில் பாதித் தமிழ்நாடும் ஏறுகிறது. ஒரு மே மாதச் சனிக்கிழமை, வெள்ளி அருவிக்குக் கீழே நான்கு மணி நேரம் நின்றேன். அங்கிருந்து ஊர் எட்டு கி.மீ.தான். வண்டியில் ஒரு கைக்குழந்தை, பால் தீர்ந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டியில் வந்த ஓர் அம்மா வெந்நீர் கொடுத்தார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் சொல்லி வருகிறேன்: சனி ஞாயிறில் மலை ஏறாதீர்கள்.

கடலூர் வாசகர்: பஸ்ஸில் போனாலும் இ-பாஸ் வேண்டுமா?

இ-பாஸ் என்பது மலை ஏறும் வண்டிக்கு இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. அரசு பஸ்ஸுக்கு வேண்டாம். சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் வேண்டும், கட்டணம் கிடையாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று எண்ணிக்கையும் வரையறுத்தார்கள். புறப்படும் வாரத்தில் அப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் மதுரை ஆரப்பாளையத்தில் கிடைக்கும்.

திருச்சி வாசகர்: சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்பலாமா?

வேண்டாம். காரணம் முதல் பதிலில் இருக்கிறது.

வேலூர் ஆசிரியை: ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படிக்கும் பிள்ளைகள். படகும் குதிரையும் தவிர வேறென்ன காட்டலாம்?

அம்மா, இப்படி ஒருவர் கேட்க மாட்டாரா என்று காத்திருந்தேன்.

கொடைக்கானலில் ஏரிக்குப் போகும் கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட சூரிய ஆய்வகத்துக்குப் போவதில்லை. அது ஏன் அங்கே வந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லுங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் கொடிய பஞ்சம். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது. மேகத்துக்கும் தூசிக்கும் மேலே ஓரிடம் தேடினார்கள். 1899இல் சென்னையிலிருந்து ஆய்வகம் இந்த மலைக்கு வந்தது. 1909இல் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான் சூரியக் கரும்புள்ளியின் ஓரத்தில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். இன்றும் உலகம் முழுவதும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றுதான் பெயர். 1904 முதல் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சூரியன் ஒரே கூரையின் கீழ்! காலையில் போங்கள், மதியத்துக்குமேல் மேகம் மூடிவிடும்.

மதுரைப் பக்கம் கீழடி. நகரிலிருந்து சுமார் 12 கி.மீ.; 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். உறைகிணறும், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடும் பார்த்த பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தின் முதல் பக்கம் வேறு மாதிரித் தெரியும். தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. சுடப்பட்ட நாளில் அவர் உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே உண்டு. சிறு பிள்ளைகளை அதன் முன் அவசரப்படுத்தாதீர்கள்.

சேலம் வாசகர்: முதல்முறையாக மலையில் கார் ஓட்டப்போகிறேன். அறிவுரை?

ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. வளைவில் ஒலி எழுப்பிவிட்டுத் திரும்புங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியர். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள், தம்பி. பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கருகிய வாடை வந்தால் அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். இருட்டியபின் ஏறவே வேண்டாம்.

ஈரோடு வாசகர்: எங்களுக்கு சனி, ஞாயிறு மட்டும்தான் லீவு...

அப்படியென்றால் அந்த இரண்டு நாளையும் மதுரைக்கே கொடுங்கள். மலையை வேறொரு வாரத்துக்கு வையுங்கள். மூன்றாவது முறை சொல்கிறேன்.

நாகர்கோவில் வாசகி: குறிஞ்சி பார்க்க முடியுமா?

2018இல் பூத்தது. பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு, அடுத்தது 2030.

பெங்களூரு வாசகர்: முதல் பதிலோடு நான் உடன்படவில்லை. மே மாத வெயிலில் மதுரையில் மூன்று நாள் இருப்பது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. ஏழு நாளும் மலையிலேயே இருக்கலாமே?

வெயிலை நான் மறுக்கவில்லை. ஆனால் மதுரையை நண்பகலில் பார்க்கச் சொன்னது யார்? அம்மன் கோயிலே மதியம் நடை சாத்தி, மாலையில்தான் திறக்கிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஆடி வீதியில் நின்றால் கல் குளிர்ந்திருக்கும்; கோபுரத்தின் உச்சியில் மட்டும் வெளிச்சம் ஏறும். பதினொரு மணிக்கு அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். மாலை மகால், பிறகு தெப்பக்குளக் கரைக் காற்று. திருமலை நாயக்கர் 1636இல் கட்டிய அந்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். அந்தத் தூண்களின் நடுவில் நின்றுகொண்டு மீதி மூன்று பங்கையும் நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. கொடைக்கானல் பிறந்ததே மதுரையால்தான். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டுகொண்டிருந்தார்கள். உயிர் பிழைக்க இடம் தேடி மலையேறி 1845இல் அங்கே வீடு கட்டினார்கள். ஊர் அப்படித்தான் வளர்ந்தது. ஏரி வெட்டியது 1863இல். கீழே இருந்த வெக்கையை உணராமல் மேலே போகிறவருக்கு அந்தக் குளிரின் அருமை பாதிதான் கிடைக்கும்.

காரைக்குடி வாசகி: நான் பெங்களூரு நண்பர் பக்கம். என் அம்மாவுக்கு 74 வயது. போன ஆண்டு காலை பத்தரைக்குக் கோயில் வெளிப்பிராகாரத்தில் பாதம் கொப்பளித்துவிட்டது.

இதில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், அம்மா. வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்தால் மதுரைக்கு ஓர் இரவு போதும். முதல் பதிலில் வயதைக் கேட்காமல் திட்டம் போட்டது என் தவறு.

மதுரை சிம்மக்கல் வாசகர்: ஏழு நாளும் மலையில் என்ன செய்வார்கள்? இரண்டாம் நாளே தூண் பாறை, கோக்கர்ஸ் வாக் எல்லாம் முடிந்துவிடும். இங்கே காலையில் பருத்திப்பால், மாலையில் ஜிகர்தண்டா, இரவில் கறி தோசை. நாக்குக்கு ஒரு வாரம் போதாது!

உங்கள் ஊர்ப்பற்றுக்கு வணக்கம். ஆனால் மலையையும் இரண்டு நாளில் முடிக்க முடியாது. பூம்பாறைக்கு 20 கி.மீ. போய்ப் படிப்படியான பூண்டு வயல்களையும் குழந்தை வேலப்பரையும் பாருங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அங்கேயே வாங்குங்கள். அதற்கும் அப்பால் மன்னவனூரில் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையமும் புல்வெளியும். இதற்கெல்லாம் நாள் வேண்டும் என்பதால்தான் மலைக்கு நான்கு கொடுத்தேன்.

விழுப்புரம் வாசகி: மகளுக்கு வண்டியில் வாந்தி வரும்.

வத்தலக்குண்டில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். முன் இருக்கை, திறந்த ஜன்னல், கையில் கைபேசி கூடாது. காது அடைத்தால் மிடறு மிடறாகத் தண்ணீர். எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு போங்கள். மேலே பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

தஞ்சாவூர் வாசகர்: காட்டெருமை ஊருக்குள் வருமாமே?

வரும். அது எருமை இனமே அல்ல, காட்டுமாடு. சங்கப் பாட்டு ஆமான் என்று சொல்கிறது. சாதுவாக நிற்கிறதே என்று அருகில் போய்ப் படம் எடுக்காதீர்கள், தீனி கொடுக்காதீர்கள்.

கோவை வாசகர்: சனிக்கிழமை கூட்டம் இருக்குமா?

இருக்கும். முதல் பதிலைப் படியுங்கள்.

பெங்களூரு வாசகர்: சரி ஐயா, பாதி வழிக்கு வருகிறேன். மதுரையில் ஒரே ஓர் இரவு. எதைத் தவறவிடக் கூடாது?

பள்ளியறை பூசை. இரவு நடை சாத்துவதற்கு முன்பு சொக்கநாதரின் திருப்பாதத்தைப் பல்லக்கில் வைத்து, மேளத்தோடு மீனாட்சியின் பள்ளியறைக்குக் கொண்டு வருவார்கள். எட்டரைக்கே உள்ளே இருங்கள். கைபேசிக்கு அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டால் வரிசை மிச்சம். அந்த இரவு ஞாயிறாக இருக்கட்டும்; திங்கள் காலை ஐந்து மணிக்கு வண்டி எடுத்தால் வெயில் ஏறுமுன் மலைமேல் இருப்பீர்கள்.