ஒத்தப் பெட்டியோட ஜெர்மனி வர்ற மன்னார்குடி தம்பிக்கு

தம்பி, மன்னார்குடிலேர்ந்து டோர்ட்முண்ட்டுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்றேன், அக்டோபர்ல செமஸ்டர் ஆரம்பம், டிக்கெட்ல 23 கிலோவுக்கு ஒரே ஒரு பெட்டியும் ஏழு கிலோ கைப்பையும்தான் இருக்கு, குக்கரா அரிசியா ஸ்வெட்டரா எதை வைக்குறது எதை விடுறதுன்னு தெரியலை, அம்மா வேற தினம் ஒரு பொட்டலம் கட்டி வைக்குறாங்கன்னு கேட்டிருந்தீங்க. நானும் உங்க பக்கம்தான், மாயவரம் பக்கத்துல உள்ள குத்தாலத்துக்கிட்ட ஒரு கிராமம், 2011ல இங்க வந்தேன். ஒரே பெட்டின்னு கவலையே படாதீங்க. காசு கட்டி ரெண்டாவது பெட்டி வாங்கவும் வேணாம்.

நான் வந்தப்ப ரெண்டு பெட்டி, மொத்தம் 46 கிலோ. நம்ம ஊரு நெல் கொள்முதல் நிலையத்துல ஒரு சிப்பம் 40 கிலோ, அதைத் தூக்குறதுக்குன்னு தனியா ஆள் இருக்காங்க, அதைவிட ஆறு கிலோ கூட நான் தனியா இழுத்துக்கிட்டு வந்தேன். ஃப்ராங்க்ஃபர்ட்ல இறங்கி ட்ரெயின் புடிச்சு நடுவுல ஒரு ஸ்டேஷன்ல மாறணும், மாறுறதுக்கு எட்டு நிமிஷம்தான், அங்க போனா லிஃப்ட் ரிப்பேர். ஒரு பெட்டிய படியேத்தி மேல வச்சுட்டு இன்னொண்ண எடுக்கக் கீழ வரணும், அதுக்குள்ள மேல உள்ளத யாராச்சும் எடுத்துட்டா என்ன பண்றதுன்னு பயம், கடைசில ட்ரெயின் என் கண்ணு முன்னாடியே போயிடுச்சு. அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னா பத்து கிலோ புழுங்கலரிசி, ரெண்டு கிலோ துவரம்பருப்பு, ஒரு பாக்கெட் உப்பு. அதே அரிசி, அதே பருப்பு, நான் தங்குன ஹாஸ்டல்லேர்ந்து பத்து நிமிஷ நடையில ஈழத்து அண்ணன் ஒருத்தரோட கடையில இருந்துச்சு. இந்தப் பக்கம் ஈழத்தமிழ் ஜனங்க நிறைய பேரு இருக்காங்க, டோர்ட்முண்ட்லேர்ந்து கொஞ்ச தூரத்துல ஹம்னு ஒரு ஊரு, அங்க காமாட்சி அம்பாளுக்கு ராஜகோபுரத்தோட பெரிய கோயிலே கட்டி 2002ல கும்பாபிஷேகம் பண்ணியிருக்காங்க. அதனால அரிசி, புளி, பெருங்காயம், அப்பளம், முருங்கைக்காய் இதுக்கெல்லாம் ஒரு கிராம் எடை கூட ஒதுக்காதீங்க.

நான் இப்ப ஊருக்குப் போயிட்டு வரும்போது ஒவ்வொரு பொருளையும் கையில எடுத்து ரெண்டே கேள்விதான் கேட்டுக்குவேன். இது இங்க வந்து வாங்க முடியுமா? முடியும்னாலும் வந்த முதல் பத்து நாள் இது இல்லாம ஓடுமா? ரெண்டுக்கும் ஆமான்னு பதில் வந்தா அது ஊர்லயே இருக்கட்டும்.

முதல்ல பேப்பர். இதுதான் உண்மையான லக்கேஜ், மத்ததெல்லாம் அப்புறம். பாஸ்போர்ட், அட்மிஷன் லெட்டர், நம்ம படிப்பு நிஜம்தான்னு ஜெர்மனிக்காகச் சரிபாத்துக் குடுக்குற ஏபிஎஸ் சர்டிபிகேட், டிகிரி, எல்லா மார்க் ஷீட்டும் ஒரிஜினல், பர்த் சர்டிபிகேட், இன்சூரன்ஸ் தாள், இங்க செலவுக்குன்னு முன்கூட்டியே பணம் போட்டு வச்சு மாசாமாசம் எடுக்குற ப்ளாக்டு அக்கவுண்ட்டோட உறுதிக் கடிதம், ரூம் கான்ட்ராக்ட், இது அத்தனையும் கைப்பைக்குள்ள, எந்தக் காரணம் கொண்டும் பெட்டிக்குள்ள போகக் கூடாது. இங்க குடிவந்து ரெண்டு வாரத்துக்குள்ள நகராட்சி ஆபீஸ்ல முகவரி பதியணும், அன்மெல்டுங்னு சொல்வாங்க, அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் ஒண்ணு வேணும், அதை வந்த அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க. இன்னொரு விஷயம், நம்ம ஆளுங்களுக்கு மார்க் ஷீட்ல இனிஷியல் மட்டும் இருக்கும், பாஸ்போர்ட்ல அப்பா பேரு முழுசா விரிஞ்சு இருக்கும், பர்த் சர்டிபிகேட்ல சிலருக்கு பேரே ஏறியிருக்காது. இன்னைக்கே மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. பேரு ஏறலைன்னா ஏத்திக்கிட்டு வாங்க, இனிஷியல் வித்தியாசத்துக்கு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் போட்டு கையில வச்சுக்கங்க, இங்க வந்தப்புறம் இதுக்காக மன்னார்குடிக்கும் டோர்ட்முண்ட்டுக்கும் நடுவுல அப்பா அலைஞ்சுகிட்டு இருக்க வேணாம்.

பெட்டிக்குள்ள ஏன் வைக்கக் கூடாதுன்னு சொல்றேன்னா, 2013ல லீவு முடிஞ்சு திரும்பி வர்றப்ப நடுவுல விமானம் மாறுன இடத்துல என் பெட்டி ஏறாம நின்னுபோச்சு, மூணு நாள் கழிச்சுத்தான் கைக்கு வந்துச்சு. மறுநாளே எனக்கு வேலைக்கு இன்டர்வ்யூ, நல்ல உடுப்பு, ஒரிஜினல் சர்டிபிகேட் ரெண்டும் அந்தப் பெட்டிக்குள்ள. அந்த வேலை எனக்குக் கிடைக்கலை. உங்களுக்கு அப்படி ஆச்சுன்னா பெட்டி வர்ற பெல்ட் இருக்குற ஹாலை விட்டு வெளிய வராதீங்க, அங்கயே கவுண்டர்ல எழுதிக் குடுத்து நம்பர் போட்ட ஒரு தாள் வாங்கிக்கங்க. பெட்டி தாமதமா வந்து நீங்க செலவு பண்ணியிருந்தா பெட்டி கைக்கு வந்த நாள்லேர்ந்து 21 நாளுக்குள்ள விமானக் கம்பெனிகிட்ட எழுத்துல கேட்கணும், உடைஞ்சு வந்தா ஏழு நாளுக்குள்ள, பில்லெல்லாம் பத்திரமா வையுங்க. கைப்பையில ரெண்டு செட் உள்ளாடை, ஒரு சட்டை, ஒரு பல் பிரஷ்ஷு கண்டிப்பா இருக்கணும்.

கண்ணாடி போடுறீங்களா? போட்டா ரெண்டு ஜோடி போட்டுக்கிட்டு வாங்க, பவர் எழுதுன சீட்டோட. தஞ்சாவூர்ல போடுற விலைக்கும் இங்க போடுற விலைக்கும் சம்பந்தமே இல்லை. பல்லையும் ஒருக்கா காமிச்சுட்டு வாங்க, சொத்தை இருந்தா அங்கயே அடைச்சுடுங்க. மாத்திரை தினம் சாப்பிடுறவரா இருந்தா மூணு மாசத்துக்கு உள்ளதை அட்டையோட அப்படியே, டாக்டர் சீட்டுல கம்பெனி பேரு இல்லாம மருந்தோட பேரு எழுதி வாங்கி எடுத்துட்டு வாங்க. காய்ச்சல் தலைவலிக்கு பாராசிட்டமால் இங்க மருந்துக்கடையில சீட்டு இல்லாமயே தருவாங்க, ஆனா ஆன்ட்டிபயாடிக் ஊர்ல மாதிரி கடையில போய்க் கேட்டா கிடைக்காது, டாக்டர் எழுதணும், ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட்டுக்கு வாரக்கணக்குல கூட காத்திருக்கணும்.

குக்கர் எடுத்துட்டு வாங்க. இது நான் யோசிச்சுத்தான் சொல்றேன், இங்கயும் கிடைக்கும், ஆனா முதல் நாளே சோறு வடிக்க முடியுற தெம்பு இருக்கே அது பெரிசு. மூணு லிட்டர் போதும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அடி தட்டையா இண்டக்ஷன்ல வைக்குறதா பாத்து வாங்குங்க, அலுமினியம் வேணாம், ஏன்னா உங்க ஹாஸ்டல்ல இண்டக்ஷன் அடுப்பு இருந்துச்சுன்னா சாதா அலுமினியக் குக்கர் சூடே ஏறாது. கூடவே அதே அளவுல ரெண்டு கேஸ்கட்டு, ஒரு சேஃப்டி வால்வு. நான் ஒரு தடவை கேஸ்கட்டு வீணாப்போயி அதே மாடலுக்குக் கிடைக்காம ஊர்லேர்ந்து யாராச்சும் வர்ற வரைக்கும் நாலு மாசம் குக்கரை அலமாரியில வச்சிருந்தேன். குக்கர் உள்ள இடத்தைச் சும்மா விடாதீங்க, பொடிப் பொட்டலம், காபி ஃபில்டர் எல்லாம் அதுக்குள்ளயே அடங்கிடும். மிக்ஸி வேணாம், கனம். கரண்ட் இங்கயும் 230 வோல்ட்தான், அதனால போன் சார்ஜர் லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா நம்ம மூணு முள்ளு ப்ளக் இங்க சாக்கெட்ல நுழையாது, இங்க உள்ளது உருண்டையா ரெண்டு முள்ளு. அடாப்டர் ஒண்ணும், ஊர்ல உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணும் வச்சா அந்த ஒரு அடாப்டர்லயே போனு லேப்டாப்பு எல்லாத்தையும் சொருகிடலாம்.

இப்ப சாப்பாட்டுக்கு வர்றேன், இதுலதான் அம்மாங்களோட பேசுறது கஷ்டம். வெளிநாட்டுலேர்ந்து ஐரோப்பாவுக்குள்ள பால் பொருளும் கறியும் பயணிங்க கொண்டு வரக் கூடாது, கொஞ்சமா இருந்தாலும் கூடாது. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாமே இதுல அடங்கும். எனக்கு இது தெரியாது. எங்கம்மா பத்து நாளா ஏடெடுத்துச் சேத்து வெண்ணெய் கடைஞ்சு, ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டுக் காய்ச்சி, மணல் மணலா இருக்கற நெய்யை ரெண்டு எவர்சில்வர் டப்பாவுல ஊத்தி, மூடிய சுத்தி துணி கட்டி வச்சிருந்தாங்க. ஃப்ராங்க்ஃபர்ட்ல கஸ்டம்ஸ்ல பெட்டியத் திறக்கச் சொன்னாங்க. அங்க இருந்த ஆபீசரம்மா மரியாதையாத்தான் பேசுனாங்க, ஆனா டப்பாவத் திறந்ததும் அந்த வாசனை வந்துச்சு பாருங்க, அதை ரெண்டையும் தூக்கித் தொட்டியில போட்டப்ப நான் அழுதுட்டேன். அம்மாகிட்ட இன்னைக்கு வரைக்கும் சொல்லலை. அதனால உங்கம்மாகிட்ட இப்பவே சொல்லிடுங்க. இங்க வெண்ணெய் நல்லா கிடைக்கும், காய்ச்சுறதுக்கு மட்டும் ஒரு நாள் அம்மா பக்கத்துல அடுப்படியில நின்னு எந்தப் பதத்துல இறக்குறாங்கன்னு பாத்துட்டு வாங்க, சடசடன்னு சத்தம் அடங்குற நேரம்தான் பதம்.

கறிவேப்பிலை, வெத்தலை, மாங்காய், எலுமிச்சை, பூ, எதுவும் பச்சையாக் கொண்டு வராதீங்க, 2019 டிசம்பர்லேர்ந்து இதுக்கெல்லாம் செடிநோய் இல்லைன்னு சர்டிபிகேட் கேக்குறாங்க. அதுல விலக்கு குடுத்தது அஞ்சே பழத்துக்கு: அன்னாசி, தேங்காய், டுரியன், வாழை, பேரீச்சை. நம்ம ஊரு வாழைப்பழமும் தேங்காயும் சட்டப்படி வரலாம்னு பாத்தப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, ஆனா தேங்காயில கொப்பரையா இருந்தா வேற சிக்கல், எண்ணெய்ப்பசை தீப்புடிக்கும்னு 2022லேர்ந்து இந்தியாவுல பெட்டியில வைக்க விடுறதில்லை, அம்மா பாசத்துல உள்ள தள்ளிடப் போறாங்க, பாத்துக்கங்க. அப்புறம் நீங்க துபாய் வழியாவோ சிங்கப்பூர் வழியாவோ வந்தீங்கன்னா குருமாவுக்குன்னு கசகசா ஒரு ஸ்பூன் கூட வேணாம், அந்த ரெண்டு இடத்துலயும் அது போதைப்பொருள் கணக்குல வரும், மாட்டுனா ஜெயில் வரைக்கும் போகும். ஜெர்மனியில கசகசா கேக்கு மேலயே தூவி விக்குறாங்க, வந்து வாங்கிக்கங்க.

அப்ப என்னதான் கொண்டு வர்றதுன்னா, மெஷின்ல அரைச்ச சாம்பார் பொடி அரை கிலோ, ரசப்பொடி கால் கிலோ, இட்லிப் பொடி, அம்மா கையால மோர் சேக்காம உப்பு மட்டும் போட்ட சுண்டைக்காய் வத்தல், மணத்தக்காளி வத்தல். வத்தல் எடையே இல்லை, ஒரு கைப்பிடி போட்டா வத்தக்குழம்பு ரெண்டு நாளைக்கு வரும். காபிப்பொடி அரை கிலோ, சின்ன ஃபில்டரோட. ஊறுகாய் வேணாம்னு நான் சொல்வேன், எண்ணெய் கசிஞ்சா எல்லாத் துணியும் போச்சு, கைப்பையிலயும் ஏத்த விடமாட்டாங்க, 100 மில்லிக்கு மேல தண்ணி மாதிரி உள்ளதுக்கெல்லாம் அங்க இடமில்லை. பவர் பேங்க் மட்டும் கைப்பையிலதான் இருக்கணும், பெட்டியில போடக் கூடாது.

துணிக்கு ரொம்ப யோசிக்க வேணாம். உள்ளே போடுற தெர்மல் ரெண்டு செட், ஒரு ஸ்வெட்டர், நல்ல ஷூ, அவ்வளவுதான். குளிர் ஜாக்கெட் ஊர்ல வாங்காதீங்க, இங்க பழசு விக்குற கடையிலயே தரமானது கிடைக்கும். ஆனா ஈரிழைத் துண்டு ரெண்டு, எட்டு முழ வேட்டி ஒண்ணு கண்டிப்பா வையுங்க. பூந்துவாலை இங்க குளிர்காலத்துல ரூம்ல காயவே காயாது, நம்ம துண்டு ஹீட்டர் மேல போட்டா சீக்கிரம் காஞ்சுடும். வேட்டி, முதல் நாள் ராத்திரி ரூம்ல மெத்தை மட்டும் இருந்து விரிப்பு இல்லாமப் போனா விரிச்சுப் படுக்கவும் ஆகும், பொங்கலுக்குக் கட்டவும் ஆகும்.

நிறைய பேரு மறக்குறது ஊரு சிம் கார்டு. பேங்க் ஓடிபி எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும், கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங் ஆன் பண்ணி, ரீசார்ஜ் தீராமப் பாத்துக்கச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிட்டு வாங்க. ப்ளாக்டு அக்கவுண்ட் பணம் இங்க பேங்க் கணக்குத் திறந்தப்புறம்தான் கைக்கு வரும், அதுக்கு ஒண்ணு ரெண்டு வாரம் ஆகலாம், அது வரைக்கும் தாங்குற மாதிரி வெளிநாட்டுக் காசு ஏத்தி வைக்குற ஃபாரெக்ஸ் கார்டுல கொஞ்சம், யூரோ நோட்டா கொஞ்சம் வச்சுக்கங்க.

டிக்கெட்ட எடுத்து என்னைக்கு இறங்குறீங்கன்னு ஒருக்கா பாருங்க. சனிக்கிழமை ராத்திரியோ ஞாயித்துக்கிழமையோன்னா இங்க ஞாயிறு கடையெல்லாம் பூட்டியிருக்கும், பெரிய ஸ்டேஷனுக்குள்ள உள்ள கடைங்க மாதிரி சிலதுதான் திறந்திருக்கும். அப்படி இருந்தா மட்டும் அரை கிலோ அரிசி, ஒரு பிடி பருப்பு, ரெண்டு ஸ்பூன் உப்பு, ஒரு சின்னப் பொட்டலம் புளிக்காய்ச்சல் குக்கருக்குள்ள வச்சுக்கங்க, திங்கக்கிழமை காலையில கடைக்குப் போயிக்கலாம். பெட்டிய கட்டி முடிச்சதும் ஒரு தடவை நீங்களே தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறிப் பாருங்க, நிக்காம ரெண்டு மாடி ஏற முடியலைன்னா இன்னும் ஏதோ அரிசி உள்ள இருக்கு.