ஹாமர் கோரல் இரண்டு வாரமாக விரியவில்லை, ஒரு தலையில் எலும்பு தெரிகிறது. எந்த மருந்து ஊற்றினால் பிழைக்கும்?

கேள்வியில் தந்திருக்கும் விவரம் இது: சிங்கப்பூர் வீட்டில் 120 லிட்டர் கடல்நீர் டேங்க், தொடங்கி எட்டு மாதம். நான்கு தலை உள்ள கிளை ஹாமர், அதாவது சுத்தியல் நுனி விரல்களை நீட்டும் கல் பவளம். நான்கும் சுருங்கிக் கிடக்கின்றன, ஒன்றில் சதை இறங்கி வெள்ளை எலும்பு வெளியே வந்துவிட்டது. நிறம் வெளுக்கவில்லை, விளக்கை மாற்றவில்லை. உப்பளக்கும் முள் ஹைட்ரோமீட்டரில் 1.024. வெப்பம் காலையில் 27, இரவில் 29.5. கேஎச் (நீரின் காரத்தன்மை) 5.8, கால்சியம் 390, நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. ஒரு ஜோடி கிளவுன் மீன், கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மர், பாஸ்பேட் ரிமூவர். அயோடின், அமினோ அமிலம், டிரேஸ் எலிமென்ட் மூன்றும் ஊற்றிப் பார்த்தாயிற்று.

அந்த மூன்று பாட்டிலையும் முதலில் மூடி வையுங்கள். நீங்கள் தந்த எண்களிலேயே நாலு காரணம் இருக்கிறது. அவற்றில் எதற்கும் அந்தப் பாட்டில்களில் மருந்து கிடையாது. ஒன்றுக்கு மட்டும் மருந்து உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன் இன்றைக்கே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. எலும்பு தெரியும் அந்தத் தலையில் பழுப்பு நிறத்தில் சளி மாதிரி ஏதாவது ஒட்டிக்கொண்டு, நீரோட்டத்தில் ஆடுகிறதா? இருந்தால் அது பிரவுன் ஜெல்லி. ஒற்றைச் செல் உயிரிகளும் பாக்டீரியாவும் சேர்ந்து சதையைக் கரைக்கிற நோய். வெளியே எடுத்தால் அழுகின நாற்றம் அடிக்கும். இதற்கு மட்டும்தான் மணிக்கணக்கில் அவசரம். ஸ்கிம்மர், பவர்ஹெட் (நீரோட்டம் தரும் பம்பு) எல்லாவற்றையும் நிறுத்துங்கள், இல்லையென்றால் அந்தச் சளி பறந்து அடுத்த தலையில் உட்காரும். மெல்லிய ஏர் டியூபால் சளியை உறிஞ்சி வாளியில் விடுங்கள். அந்தத் தண்ணீரைத் திரும்ப டேங்கில் ஊற்றக் கூடாது. பிறகு அந்தத் தலையை, சதை முடிகிற இடத்திலிருந்து இரண்டு மூன்று செ.மீ. கீழே எலும்பில் வெட்டித் தனியாக்கிவிடுங்கள். மீதியை அயோடின் நீரில் முக்க வேண்டும், அளவு கீழே சொல்கிறேன். சளி இல்லையென்றால் நிம்மதியாக மூச்சு விடலாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அடுத்து, வெளுப்பையும் சாவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். சதை இருந்தபடியே இருந்து நிறம் மட்டும் போய்க் கண்ணாடி மாதிரி ஆனால் அது வெளுப்பு. உள்ளே குடியிருக்கும் நுண்பாசி வெளியேறிவிட்டது, பவளம் உயிரோடு பட்டினி கிடக்கிறது. சதையே இல்லாமல் எலும்பின் கூரான தகடுகள் தெரிந்தால், அந்த இடத்தில் உயிர் இல்லை. உங்களுடையது இரண்டாவது வகை, ஆனால் ஒரு தலையில்தான். வெளிச்சம் அதிகமானால் பெரும்பாலும் முதலில் வெளுப்பு வரும். நிறம் அப்படியே இருப்பதாலும் விளக்கை மாற்றாததாலும் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். பூச்சியோ பக்கத்துப் பவளத்தின் கொட்டலோ என்றால் ஒரு பக்கத்துத் தலைதான் சுருங்கும். நான்கும் ஒரே வாரத்தில் சுருங்கினால் குற்றவாளி தண்ணீர்தான்.

தண்ணீரில் முதல் சந்தேகம் உப்பின் மேல். முள் ஹைட்ரோமீட்டரை நம்பி ரீஃப் டேங்க் (பவளத் தொட்டி) நடத்துவது நூலில் தொங்குவது மாதிரி. முள்ளில் ஒரு சிறு காற்றுக் குமிழி ஒட்டினால் முள் மேலே எழும்பி, இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டும். அச்சில் உப்புப் படிந்தால் முள் சிக்கிக்கொள்ளும். உங்கள் எண்களே இன்னொரு துப்பும் தருகின்றன. பவளம் எலும்பு கட்டும்போது 2.8 கேஎச் குறைந்தால் கால்சியம் சுமார் 20 பிபிஎம்தான் (லிட்டருக்கு 20 மில்லிகிராம்) குறையும். உங்களுக்குக் கேஎச் 7.5-லிருந்து 5.8-க்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால் கால்சியம் 12 பிபிஎம் குறைந்திருக்க வேண்டும். 420-லிருந்து 390 என்றால் 30 குறைந்திருக்கிறது. டெஸ்ட் கிட்டின் பிழை கொஞ்சம் இருக்கலாம், ஆனால் கேஎச்சும் கால்சியமும் சேர்ந்து இறங்கினால் தண்ணீரே நீர்த்துப் போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் கருவி அது. அதைச் சாதாரண ஆர்ஓ (சவ்வில் வடிகட்டிய) நீரில் பூஜ்யம் வைத்தால் மட்டும் போதாது, 35 பிபிடி (ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு) காட்டும் திரவத்தில் சரிபார்க்க வேண்டும். வீட்டிலேயே செய்யலாம்: 36.5 கிராம் தூய உப்பு, 963.5 கிராம் ஆர்ஓ நீர். நன்றாகக் கரைந்த பின் கருவி 35 காட்ட வேண்டும் (தனி உப்பு என்பதால் கருவியில் 36.5 கிராம்தான் கடல்நீரின் 35-க்குச் சமம்), காட்டாவிட்டால் திருகைத் திருப்பி 35-இல் நிறுத்துங்கள். இங்கே சமையல் உப்பையே எடைபோடலாம், ஆனால் டேங்குக்குள் அதைப் போட்டுவிடாதீர்கள், அங்கே கடல்நீர் செய்யும் சால்ட் மிக்ஸ்தான்.

டேங்கில் 31 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கல், மணல் போக உங்கள் டேங்கில் சுமார் 100 லிட்டர் தண்ணீர் இருக்கும். 1 பிபிடி ஏற்ற சுமார் 100 கிராம் உப்பு வேண்டும், ஆக 400 கிராம். ஒரே நாளில் போட்டால் இருக்கிற சதையும் போய்விடும். எளிய வழி: ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதிலாக, ஆர்ஓ நீரை விட்டுவிட்டு 35 பிபிடி உப்புநீரை ஊற்றுங்கள். நாளைக்கு ஒன்றரை லிட்டர் ஆவியானால் 52 கிராம் உப்பு ஏறும், அரை பிபிடி. எட்டு நாளில் 35-க்கு வந்துவிடும். நாளைக்கு 1 பிபிடிக்கு மேல் ஏறாமல் பாருங்கள். 35 வந்ததும் மறுபடி ஆர்ஓ நீருக்கு மாறிவிடுங்கள், இதை மறந்து உப்பை 38-க்குக் கொண்டுபோனவர்கள் நிறையப் பேர்.

ஆர்ஓ நீர் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமின் இருக்கிறது. குளோரின் மாதிரி அது ஒரு நாள் திறந்து வைத்தால் போகாது, சாதாரண குளோரின் நீக்கி போட்டாலும் உடைந்து அம்மோனியா மிஞ்சும். ஆர்ஓ-டிஐ (ஆர்ஓவோடு ரெசினும் சேர்ந்த) ஃபில்ட்டரிலிருந்து வரும் நீரின் டிடிஎஸ் (கரைந்த பொருள்களின் அளவு) 0 இருக்க வேண்டும். 5 தாண்டினால் ரெசினை மாற்றுங்கள்.

அடுத்தது கேஎச். 5.8-இல் ஹாமரால் எலும்பு கட்ட முடியாமல் திணறும். 7.5-லிருந்து 8.5 வரை நல்லது. இதற்கான மருந்துதான் சமையலறையில் இருக்கிறது: பேக்கிங் சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும், அதைப் போடாதீர்கள். 100 லிட்டரில் 1 கேஎச் ஏற்ற 3 கிராம் போதும். ஆனால் இன்றைக்கே போடாதீர்கள். மேலே சொன்ன உப்புநீர் டாப்-அப் பதினோரு லிட்டர் உள்ளே போகும்போது அதுவே கிட்டத்தட்ட 1 கேஎச் ஏற்றிவிடும். உப்பு 35-க்கு வந்த பிறகு அளந்து பார்த்து, குறைவுக்கு மட்டும் நாளைக்கு ஒன்றரை கிராம் வீதம் ஒரு டம்ளர் ஆர்ஓ நீரில் கரைத்து, நீர் வேகமாக ஓடும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். அதாவது நாளுக்கு அரை கேஎச். ஆரோக்கியமான பவளம் ஒன்று வரை தாங்கும், உங்களுடையது இப்போது தாங்காது.

பிறகு இரண்டு நாள் எதுவும் ஊற்றாமல், தினமும் ஒரே நேரத்தில் கேஎச் அளந்தால் டேங்கின் தினசரிச் செலவு தெரியும். அந்த அளவை மட்டும் தினம் ஊற்றி வந்தால் போதும். எண் 7.6-ஆ 8.3-ஆ என்பதைவிட, அது ஆடாமல் நிற்பதுதான் ஹாமருக்கு முக்கியம். மக்னீசியத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். 1200-க்குக் கீழே இருந்தால் கேஎச், கால்சியம் இரண்டும் நிற்காமல் சுண்ணாம்பாகப் படியும். 1250-லிருந்து 1350 சரி.

நைட்ரேட் 0, பாஸ்பேட் 0 என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். நன்னீர் மீன் வளர்ப்பவர்களுக்கு அது பெருமைதான். பவளத்துக்கு அது காலித் தட்டு. சதைக்குள் இருக்கும் நுண்பாசி வெளிச்சத்திலிருந்து சர்க்கரை செய்து கொடுக்கும், ஆனால் திசு வளர நைட்ரஜனும் பாஸ்பரஸும் தண்ணீரிலிருந்து வந்தாக வேண்டும். ஒரு ஜோடி கிளவுன் போடும் கழிவை ஸ்கிம்மரும் ரிமூவரும் சேர்ந்து துடைத்து எடுத்துவிட்டால் எங்கிருந்து வரும்? இரண்டும் பூஜ்யத்தில் கிடந்தால், மணல்மேல் குமிழி குமிழியாகப் பழுப்புச் சளி படரும் டைனோ வேறு வந்து சேரும், அதை விரட்டுவது இதைவிடப் பெரிய தலைவலி. ரிமூவரை இன்றே எடுத்துவிடுங்கள். மீனுக்கு ஒருவேளை போடுவதை இரண்டு வேளையாக்குங்கள். மூன்று வாரம் கழித்தும் நைட்ரேட் 2-க்கு வரவில்லை என்றால் மட்டும், கடையில் ரீஃப் டேங்குக்கென்று விற்கும் நைட்ரேட் கரைசலை லேபிள் அளவில் பாதி சேர்க்கலாம். இலக்கு நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1. சத்து இல்லாத தண்ணீரில் கேஎச்சைப் பத்து, பதினொன்று என்று ஏற்றினால் வளரும் நுனி கருகும். உங்கள் சால்ட் மிக்ஸ் 11 கேஎச்சில் கரைகிற ரகமா என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்.

வெப்பம்: 29.5 அதிகம். அதைவிடக் கெடுதல், ஒரே நாளில் இரண்டரை டிகிரி ஏறி இறங்குவது. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி அதிகமாகச் சில வாரம் நீடித்தாலே கடலில் பவளம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் அப்படித்தான் நடந்தது. மேற்பரப்பில் வீசும் சின்ன ஃபேன் இரண்டு டிகிரி வரை இறக்கும், சிங்கப்பூர் ஈரப்பதத்தில் அதைவிடக் குறையலாம். ஃபேன் போட்டால் ஆவியாவது கூடும், ஆகவே மேலே சொன்ன உப்புநீர்க் கணக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். 27-இல் நிற்கவில்லை என்றால் நீரைக் குளிரூட்டும் சில்லர்தான் வழி. மலிவு இல்லை, தெரியும்.

இவையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது பவளத்தை ஒருமுறை அயோடின் நீரில் முக்கி எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு லிட்டர் டேங்க் நீரில் 5 சதவீத லூகால் அயோடின் ஐந்திலிருந்து பத்துச் சொட்டு விடுங்கள், வெளிர் தேநீர் நிறம் வரும். பத்து நிமிடம் போதும். இடையிடையே டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் உள்ள பெரிய உறிஞ்சு குழாய்) எலும்பின் இடுக்கில் மெதுவாக ஊதுங்கள். கிண்ணத்தின் அடியில் தட்டையான, கண்ணாடி மாதிரியான புழு விழுந்தால் பூச்சியும் இருக்கிறது என்று அர்த்தம். முட்டை இதற்குச் சாகாது, ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறை முக்க வேண்டும், எலும்பில் ஒட்டிய முட்டையைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். எதுவும் விழவில்லை என்றால் திரும்ப முக்காதீர்கள், ஒவ்வொரு முக்கலும் அதற்கு ஒரு அடிதான். ரோமப் புழு ஒன்றிரண்டு ஓடினால் பயப்பட வேண்டாம். அது செத்த சதையைத் தின்ன வருகிறது, பழி மட்டும் அதன்மேல் விழுகிறது.

கிளவுன் ஜோடி ஹாமருக்குள் புகுந்து உரசுகிறதா என்று விளக்கு அணைந்த பின் சிவப்பு டார்ச்சில் பாருங்கள். ஆரோக்கியமான ஹாமர் அதைத் தாங்கும், இந்த நிலையில் தாங்காது. பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து இரண்டு வாரம் தடுத்து வையுங்கள். பவர்ஹெட் நேராக அடிக்கும் இடத்தில் இருந்தால் தள்ளி வையுங்கள். கூரான எலும்புத் தகட்டில் சதை உரசிக் கிழிவது அப்படித்தான். விரல்கள் சோம்பலாக அசைகிற அளவு ஓட்டம் போதும். பக்கத்துப் பவளத்துக்கு 15 செ.மீ. இடைவெளி. பக்கத்தில் இருப்பது கேலக்ஸியா என்ற பவளம் என்றால் 30 விட்டாலும் தகும், இரவில் அதன் கொட்டும் விரல் அவ்வளவு நீளம் வரும்.

சுருங்கிக் கிடக்கும் தலைக்கு மைசிஸ் (இறால் மாதிரியான சிறு தீனி) ஊட்ட வேண்டாம். விழுங்காமல் விட்டது அங்கேயே அழுகும். விரல் பாதிக்கு மேல் நீண்ட பிறகு, பம்பை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை தலைக்கு ஒன்றிரண்டு மைசிஸ்.

தினமும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பார்க்க வேண்டியது விரிவதை அல்ல, சதை முடியும் கோட்டை. கோடு ஒரு வாரம் அசையாமல் நின்றால் பிழைத்தது என்று பொருள், விரல் நீள இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வெளியே வந்த எலும்பில் சதை திரும்ப ஏறும் என்று காத்திராதீர்கள், பெரும்பாலும் ஏறாது, பாசிதான் ஏறும். கோடு தொடர்ந்து இறங்கினால் அந்த ஒரு தலையைப் பிரவுன் ஜெல்லிக்குச் சொன்ன இடத்திலேயே வெட்டுங்கள். எலும்பு வெட்டும் இடுக்கியில் ஒரே அழுத்து, வெட்டிய முகத்தில் ஜெல் சூப்பர் குளூ. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். அதே கல்லில் பொத்தான் மாதிரி இருக்கும் ஜோவாந்தஸ் இருந்தால் கட்டாயம், சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு.

பிழைத்த பிறகு வெட்டிய துண்டை ஊரில் இருக்கும் நண்பருக்குக் கொண்டுபோகலாமா என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தீர்கள். கூடாது. கல் பவளங்கள் சைட்டஸ் (அருகும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தம்) இரண்டாம் இணைப்பில் இருப்பதால் எல்லை தாண்ட அனுமதிப் பத்திரம் வேண்டும், இந்தியாவில் அவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கின்றன. பெட்டியில் ஒரு தலை பிடிபட்டாலும் வழக்குதான்.