மரம் வெட்டப் போன பாட்டி

வணக்கம் ஐயா,

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். மகள் மூன்றாம் படிவம் படிக்கிறாள். பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். முப்பது சொற்களுக்கு அகராதி செய்து, ஒரு மொழி வாக்கியத்தை இன்னொரு மொழிக்கு மாற்ற வேண்டும். இவள் தமிழிலிருந்து மலாய்க்கு மாற்றுகிறேன் என்று கிளம்பி, தோட்டத்தில் வேலை செய்த என் அம்மாவை நினைத்து "பாட்டி மரம் வெட்டப் போனார்" என்று எழுதினாள். 'வெட்டப்' என்ற இடத்தில் நிரல் நின்று சிவப்பாக ஏதோ காட்டியது. 'ப்' எடுத்ததும் ஓடியது. பிழையாக எழுதினால்தான் கணினிக்குப் புரியுமா? வந்த மலாயைப் படித்த ஆசிரியர், "உன் பாட்டி காட்டை அழித்தாரா?" என்று சிரித்தாராம். கைப்பேசி நொடியில் மொழிபெயர்க்கும் காலத்தில் இந்தப் பயிற்சியால் என்ன பயன்?

வாசகி, சுங்கை சிப்புட்

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த 'ப்'. மகள் எழுதியதில் பிழையே இல்லை. வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது, அவ்வளவுதான். அகராதியில் 'வெட்ட' என்று ஒரு சாவி, அதாவது தேடும் சொல், இருக்கிறது; வந்த சொல்லோ 'வெட்டப்'. பைத்தானுக்கு இவை இரண்டும் புலியும் புளியும் போல வேறு வேறு. சாவி கிடைக்காததால் 'கீ எரர்' என்று கத்திவிட்டு நின்றுவிட்டது. வாக்கியத்தைக் கெடுக்க வேண்டாம், அந்த 'ப்'பை நிரலே நீக்கட்டும். தமிழ்ச் சொல் எதுவும் தனியாக நிற்கும்போது க், ச், த், ப் என்று முடியாது. எனவே அப்படி முடிந்தால் வாலை வெட்டிவிடலாம். வெட்டும்போது இரண்டு இடம் குறைக்கச் சொல்லுங்கள். நமக்கு 'ப்' ஓர் எழுத்து. பைத்தானுக்கு 'ப' ஒன்று, புள்ளி ஒன்று. 'தமிழ்' என்பதன் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். சந்தேகம் இருந்தால் மகளையே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் உங்கள் மாநிலமே போய்விடும். 'பேராக்' 'பேரா' ஆகிவிடும்! அதனால் முதலில் சொல்லை வந்தபடியே தேட வேண்டும். கிடைக்காவிட்டால்தான் வாலை நீக்கித் தேட வேண்டும். அப்போதும் இல்லையென்றால், நிற்காமல் அந்தச் சொல்லையே திருப்பித் தரும்படி 'கெட்' என்று ஒரு வசதி இருக்கிறது. சில சொற்கள் தமிழிலேயே நிற்கும். நின்றால் என்ன, நாம் பசாரில் பேசுவதும் அப்படித்தானே.

இனி மரம் வெட்டும் கதை. மகளின் நிரலில் 'பாட்டி' நெனெக், 'மரம்' போக்கோக், 'வெட்ட' தெபாங், 'போனார்' பெர்கி என்று இருந்திருக்கும். தெபாங் என்றால் மரத்தை அடியோடு சாய்ப்பது. ஆசிரியர் சிரித்ததில் தப்பில்லை. தோட்டத்தில் பிறந்த நமக்கு 'மரம் வெட்டுவது' என்றால் விடிவதற்கு முன் உளியோடு போய்ப் பட்டையைச் சீவி ரப்பர் பால் எடுப்பது. மலாயில் அது மெனோரே கெத்தா. எங்கள் தோட்டத்தில் செம்பனை நட வேண்டுமென்று மரங்களை நிஜமாகவே சாய்த்தபோது, "மரத்தைத் தள்ளுறாங்க" என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். வெட்டு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை.

ஒரு சாவிக்கு ஒரு மதிப்பு, அதாவது ஒரு பொருள்தான். அதனால் 'வெட்ட'வுக்குப் பொருளை மாற்றிப் பயனில்லை, நாளைக்கு முடி வெட்டப் போகிற அண்ணனும் பால்மரம் சீவுவான். 'மரம் வெட்ட' என்று இரண்டு சொல்லையும் சேர்த்தே ஒரு சாவியாக வைக்கலாம். சாவிக்குள் இடைவெளி இருப்பதைப் பைத்தான் தடுக்காது. நிரல் வாக்கியத்தைச் சொல் சொல்லாகப் பிரித்த பிறகு, அடுத்தடுத்த இரண்டு சொற்களைச் சேர்த்து முதலில் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் வாலை நீக்கியும் தேட வேண்டும். அப்புறம்தான் ஒற்றைச் சொல்.

இப்போது வருவது: நெனெக், மெனோரே கெத்தா, பெர்கி. தமிழில் வினை கடைசியில் நிற்கும், மலாயில் எழுவாய்க்கு அடுத்து நிற்கும். கடைசியில் இருப்பதைத் தூக்கி இரண்டாவது இடத்தில் போடச் சொல்லுங்கள். நெனெக் பெர்கி மெனோரே கெத்தா. ஆசிரியரிடம் தைரியமாகக் காட்டலாம். நீள வாக்கியத்துக்கு இந்த வித்தை உதவாது. மூன்றாம் படிவத்துக்கு இது போதும்.

கைப்பேசியைக் கேட்டீர்கள். அது ஏராளமான வாக்கியங்களைப் பார்த்துப் பழகியது. எழுத்தில் வராத தோட்டத்துப் பேச்சு அதன் கண்ணில் படுவது அரிது. தவறினாலும் எங்கே தவறியது என்று நமக்குக் காட்டாது. மகளின் முப்பது சொல் அகராதி எந்தச் சொல்லில் நின்றது, ஏன் நின்றது என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுத முடிந்ததே! நான் இந்தப் பயிற்சியின் பக்கம்தான்.

முப்பது சொல்லுக்கு இன்னும் இடம் இருந்தால் உங்கள் அம்மாவின் சொற்களைச் சேருங்கள். மங்கில் உறைந்து ஒட்டும் ஒட்டுப்பால், பால் சுமக்கும் காண்டா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு. பால் பிடிக்கும் கிண்ணமான மங்குக்கு மலாய் தேடி அலைய வேண்டாம். அவர்கள் 'மங்குக்' என்பார்கள். அந்தக் கடைசிக் 'க்'கை நம் நிரல் வெட்டினால் மிஞ்சுவது மங்குதான்.

அன்புடன்.