கப்பலிலிருந்து தொடங்காதீர்கள்: அமெரிக்கக் குடியேறிகளின் வம்சாவளி, கேள்வி பதில்

மாசச்சூசெட்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். என் வீட்டுக்காரரின் தாய்வழி 1630களில் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். மாமியாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய பைபிள் இருந்தது. பழைய ஏற்பாடு முடிந்து புதிய ஏற்பாடு தொடங்கும் இடத்துப் பக்கத்தில் ஒன்பது குழந்தைகளின் பெயரும் பிறந்த தேதியும் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் பிடித்த ஆர்வம் 15 வருஷமாக விடவில்லை. இப்படிப்பட்ட குடும்பங்களில் சம்பந்தம் செய்திருக்கும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மருமகன் வீட்டார் தாங்கள் மேஃபிளவர் கப்பலில் வந்தவர்களின் வம்சம் என்கிறார்கள். பேத்தி பள்ளிக்குக் குடும்ப மரம் வரைய வேண்டும். எங்கிருந்து தொடங்குவது, அக்கா? (நியூ ஜெர்சி)

பேத்தியிலிருந்து தொடங்குங்கள். 1620இல் அந்தக் கப்பலில் வந்தவர்கள் 102 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். கப்பலில் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் ஆயிரம் கிளைகள் பிரியும், உங்கள் கிளை எதுவென்றே தெரியாது. பேத்தி, அவள் அப்பா, அவருடைய அம்மா என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சாட்சி வேண்டும்: பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, உயில், எதுவானாலும் சரி.

பின்னோக்கிப் போகும்போது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1850 வரைதான் முழுதாகக் கைகொடுக்கும். அந்த வருஷம்தான் வீட்டிலுள்ள சுதந்திர (அடிமையல்லாத) மக்கள் எல்லோரையும் பெயர் சொல்லி எழுதினார்கள். 1790இல் தொடங்கிய முந்தைய கணக்குகளில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1890ஆம் ஆண்டுக் கணக்கு தீ விபத்தால் பெரும்பாலும் போய்விட்டது. மறுமுனையில் நல்ல செய்தி: மேஃபிளவர் வழித்தோன்றல்கள் சங்கம் முதல் ஐந்து தலைமுறைகளை ஆதாரத்தோடு நூல்வரிசையாக வெளியிட்டிருக்கிறது. நீங்கள் ஏறிப் பிடிக்க வேண்டியது 1700களின் பிற்பகுதி வரைதான். அந்த நடு நூறு வருஷம்தான் கஷ்டம். அவசரப்படாதீர்கள்.

ஒரே பையனுக்கு 1711/12 என்று இரண்டு வருஷம் போட்டிருக்கிறது. எது சரி? (டொராண்டோ)

இரண்டும் சரி. 1752க்கு முன்னால் இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும் புது வருஷம் மார்ச் 25இல் பிறந்தது. நமக்குச் சித்திரையில் பிறப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் பிறந்த குழந்தை அன்றைய கணக்கில் 1711, நம் கணக்கில் 1712. குழப்பம் வராமலிருக்க இரண்டையும் எழுதினார்கள். அப்படியே படியெடுங்கள், திருத்தாதீர்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பதிவுகளில் ‘முதல் மாதம்’ என்றிருந்தால், 1752க்கு முன்னால் அது மார்ச். 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு அடுத்த நாள் 14ஆம் தேதி. நடுவே 11 நாள் கிடையாது.

இணையத்தில் ஒரு குடும்ப மரம் எங்கள் சம்பந்தி குடும்பத்தை இங்கிலாந்து அரச வம்சம் வரை கொண்டுபோகிறது. நம்பலாமா? (டல்லஸ்)

ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே என்ன ஆதாரம் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இன்னொரு குடும்ப மரத்தையே ஆதாரமாகக் காட்டியிருந்தால் அது ஆதாரமல்ல. நூறு வருஷத்துக்கு முன் குஸ்டாவ் அன்ஜூ என்பவர் நியூயார்க்கில் பணக்காரக் குடும்பங்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பொய் வம்சாவளி எழுதிக் கொடுத்தார். இல்லாத உயிலையும் இல்லாத தேவாலயப் பதிவையும் கலந்து எழுதினார். அவர் நட்ட பொய்க் கிளைகள் இன்றும் படியெடுக்கப்பட்டுப் பரவுகின்றன.

பொய் சொல்லும் எண்ணமே இல்லாமலும் தவறு நேரும். ஜான் ஹவ்லண்ட் கதை அதற்குச் சாட்சி. மேஃபிளவரில் ஜான் கார்வர் என்பவரின் பணியாளாக வந்த இளைஞர் அவர். புயலில் கடலில் விழுந்து, தொங்கிக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பற்றிப் பிழைத்தார். அவர் மனைவி எலிசபெத், ஆளுநராக இருந்த அந்தக் கார்வரின் மகள் என்று குடும்பமே தலைமுறை தலைமுறையாக நம்பியது. அந்தக் கப்பலில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தில் ஹவ்லண்டுக்கு நட்ட நினைவுக்கல்லிலும் அப்படியே பொறித்தார்கள். பிளிமத் ஆளுநர் வில்லியம் பிராட்ஃபோர்ட் தன் கைப்பட எழுதிய வரலாறு அப்போது காணாமல் போயிருந்தது. 1850களில் அது லண்டன் பிஷப்பின் நூலகத்தில் கிடைத்து 1856இல் அச்சானது. பயணிகள் பட்டியலோடு, ஹவ்லண்ட் மணந்தது ஜான் டில்லியின் மகளை என்று அதில் தெளிவாக இருந்தது. முதல் குளிர்காலத்தில் பெற்றோரையும் சித்தப்பா குடும்பத்தையும் பறிகொடுத்து நின்ற சிறுமி அவள். கல்லில் பொறித்ததுகூடத் தவறாகலாம் என்று அன்றைக்குத்தான் பலருக்கு உறைத்தது.

ஆண்கள் பெயர் கிடைக்கிறது. பெண்கள் எல்லாம் ‘மேரி’, ‘சாரா’ என்று நின்றுவிடுகிறார்கள். பிறந்த வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (சிங்கப்பூர்)

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

உயில்களைப் படியுங்கள். கணவன் வழியில் தேடாமல், அதே ஊரில் வாழ்ந்த மற்ற குடும்பத் தகப்பன்மாரின் உயில்களில் தேடுங்கள். ‘என் மகள் சாரா, இன்னாரின் மனைவி’ என்ற ஒரு வரி அங்கேதான் கிடைக்கும். விதவைகளின் உயில் இன்னும் நல்லது. மேலே சொன்ன எலிசபெத் ஹவ்லண்ட் 1686இல் தானே உயில் எழுதிவைத்தார். மகள் லிடியா பிரவுனுக்குத் தன்னிடமிருந்ததில் சிறந்த இறகு மெத்தை, பச்சைக் கம்பளி, சிறிய பைபிள். மணமான பெண்களைக் கணவன் குடும்பப் பெயரோடு குறிப்பிட்டதால், எந்தப் பெண் எந்த வீட்டுக்குப் போனாள் என்பது நமக்குத் தெரிகிறது. அந்தக் கம்பளி வரியைப் படித்த அன்று என் பாட்டி தன் வெண்கலப் பானையை யாருக்கு என்று சொல்லிச் சொல்லிப் போனது நினைவுக்கு வந்து அழுதேன்.

உயில் இல்லாமல் இறந்திருந்தாலும் வழி உண்டு. மாசச்சூசெட்ஸ் சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு, மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு, மற்ற பிள்ளைகளுக்கு, பெண்கள் உட்பட, ஒவ்வொரு பங்கு. மகளின் பங்கை வாங்கிக்கொண்டு மருமகன் கையெழுத்திட்ட ரசீது மாவட்ட நீதிமன்றக் கோப்பில் இருக்கும். நிலக் கிரயப் பத்திரங்களையும் விடாதீர்கள். வாரிசுகள் சேர்ந்து விற்கும்போது எல்லோர் பெயரும் வரும்.

உறவுச் சொற்களில் கவனம். நமக்குச் சித்தி, அத்தை, மாமி எல்லாம் தனித்தனி. அவர்களுக்கு அப்படியில்லை. அந்தக் காலத்து ‘மதர்-இன்-லா’ மாற்றாந்தாயாகவும் இருக்கலாம், ‘கசின்’ அண்ணன் மகனாகவும் இருக்கலாம். ‘என் இப்போதைய மனைவி’ என்று உயிலில் எழுதியிருந்தால் முன்னே ஒருத்தி இருந்தாள் என்று அர்த்தமில்லை. ‘ஜூனியர்’ என்றால் மகன் என்றும் முடிவு கட்டாதீர்கள். நம் ஊரில் பெரிய முருகேசன், சின்ன முருகேசன் என்பதுபோல, ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்துச் சொல்லவும் அந்த வார்த்தைதான். பெரியவர் இறந்ததும் சின்னவர் ‘சீனியர்’ ஆகிவிடுவார். இது தெரியாமல் நான் ஒரு சிற்றப்பாவைத் தகப்பனாக்கி இரண்டு வருஷ உழைப்பை இழந்தேன்.

என் கணவர் குடும்பப் பெயர் யேல். சென்னையில் ஆளுநராக இருந்த யேலின் நேர் வாரிசு என்கிறார்கள். (கனெக்டிகட்)

எலிஹு யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே பெற்றோருடன் இங்கிலாந்து திரும்பியவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கல்யாணமும் 1680இல் அந்தக் கோட்டையின் செயிண்ட் மேரி தேவாலயத்தில்தான். அந்தக் கல்யாணத்தில் பிறந்த ஒரே மகன் டேவிட் குழந்தையாகவே சென்னையில் இறந்தான். அவனைப் புதைத்த இடம் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. அந்தக் கல்யாணத்தில் பிறந்து, வளர்ந்து பெரியவர்களானது மகள்கள்தான். எனவே ஆண்வழியில் யேல் என்ற பெயர் அவரிடமிருந்து வந்திருக்க முடியாது. நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட அவர் சித்தப்பா தாமஸ் யேலின் வழியாக இருக்கலாம், அங்கே தேடுங்கள்.

டிஎன்ஏ பரிசோதனை போதாதா? (சிகாகோ)

போதாது. பத்துத் தலைமுறை மேலே போனால் மூதாதையருக்கு 1024 இடங்கள். அவர்களில் பலரிடமிருந்து உங்கள் உடலில் ஒரு துணுக்குகூட வந்திராது. காகிதச் சான்றைச் சரிபார்க்க உதவும், அவ்வளவுதான்.

வர்ஜீனியாவில் நீதிமன்றமே எரிந்துவிட்டது என்றார்கள். (சார்லட்)

உள்நாட்டுப் போரில் சில மாவட்டங்கள் பத்திரத்துக்காக ரிச்மண்டுக்கு அனுப்பிய ஆவணங்கள் 1865 ஏப்ரலில் அங்கே எரிந்தன. வரிப் பட்டியல்களையும், காலனி அரசு வழங்கிய நிலப் பட்டாக்களையும், பக்கத்து மாவட்டத்தையும் பாருங்கள். ஓர் ஆளைக் கொண்டுவந்தால் 50 ஏக்கர் என்ற முறை அங்கே இருந்ததால் பட்டாக்களில் வந்தவர்களின் பெயர்கள் உண்டு. பட்டா தேதியை வந்த தேதியாக மட்டும் கொள்ளாதீர்கள்.

என் மனைவி கறுப்பின அமெரிக்கர். அவர் குடும்பப் பெயர் ஒரு பழைய குடியேறிக் குடும்பத்தின் பெயர். 1870க்கு முன்னால் ஒன்றும் கிடைக்கவில்லை. (அட்லாண்டா)

1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உடைமையாளர் பெயர்தான் உண்டு, அடிமைகளுக்கு வயதும் பாலினமும் நிறமும் மட்டும். பெயர் இருப்பது அந்தக் குடியேறிக் குடும்பத்தின் உயிலிலும், இறந்தபின் எடுத்த சொத்துப் பட்டியலிலும். ஆகவே அவர்களின் வம்சாவளியை நீங்கள் முழுதாகக் கட்ட வேண்டும். எந்த மகனுக்கு யாரைக் கொடுத்தார்கள், எந்த மருமகன் யாரை எந்த ஊருக்குக் கொண்டுபோனான் என்று பின்தொடருங்கள். குடும்பப் பெயர் கடைசி உடைமையாளருடையதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், முந்தைய ஒருவருடையதாகவும் இருக்கலாம்.

என் மாமியார் வழிச் சொத்துப் பட்டியல் ஒன்றில், 1740களில், பசுவுக்கும் தறிக்கும் நடுவே ஒரு பெண்ணின் பெயரும் எதிரே ஒரு தொகையும் இருக்கிறது. மாசச்சூசெட்ஸிலும் இது நடந்தது. அந்தப் பெயரையும் கோப்பு எண்ணையும் பக்கத்தையும் எங்கள் குடும்ப மரத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கிறேன், அவள் பிள்ளைகளின் பிள்ளைகள் தேடி வந்தால் கிடைக்கட்டும் என்று. உங்கள் மனைவி வீட்டார் 1870இல் இருந்த மாவட்டத்தையும் அவர்களின் குடும்பப் பெயரையும் எனக்கு எழுதுங்கள். உயில் புத்தகங்களைச் சேர்ந்தே பார்ப்போம்.