முன்நெற்றியா, உச்சியா? எதை முதலில் கவனிப்பது?

வணக்கம் மேடம்,

எனக்கு 28 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பிரச்சினை முடிதான். வீட்டில் எல்லோரும் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்வதில்லை, ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவதும் ராத்திரி தூங்கவிடாமல் செய்வதும் எனக்கு இதுதான்.

இரண்டு பக்கமும் போகிறது. நெற்றியின் இரண்டு ஓரமும் ஏறிவிட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் முடி முனையாக நிற்கிறது. பின்னால் சுழி இருக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தெரிகிறது. அப்பாவுக்கு முன்னால் இன்றைக்கும் முடி இருக்கிறது, உச்சியில் சொட்டை. தாய்மாமாவுக்கு முன்னாலிருந்து ஏறி ஏறிப் பாதித் தலை போய்விட்டது. இரண்டும் எனக்கு வந்துவிட்டது போல.

முன்னால் போனதைத் தினமும் கண்ணாடியில் பார்த்துப் பழகிவிட்டேன், முடியை நெற்றிப் பக்கம் இழுத்துவிட்டுச் சமாளிப்பேன். உச்சியில் போனது எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு ஜவுளிக்கடையில் பில் போட நின்றபோது கல்லாவுக்கு மேலே இருந்த டிவியில் கேமரா படம் ஓடிக்கொண்டிருந்தது, வரிசையில் ஓர் ஆளுக்கு உச்சியில் வட்டமாகச் சொட்டை, யாரோ பெரியவர் என்று நினைத்துக்கொண்டே பையைத் தோளில் சரிசெய்தேன், டிவியில் இருந்த ஆளும் அதையே செய்தார். அன்றிலிருந்து போனைத் தலைக்கு மேலே பிடித்துத் தினமும் போட்டோ எடுத்துப் பார்க்கிறேன். பஸ்ஸில் கடைசி சீட் கிடைத்தால்தான் உட்காருவேன். மீட்டிங்கில் லைட்டுக்கு நேர் கீழே உட்காருவதில்லை.

வரன் பார்க்கிறார்கள். அம்மா எல்லோருக்கும் கொடுப்பது நாலு வருஷம் முன்னால் அக்கா கல்யாணத்தில் எடுத்த போட்டோ. நேரில் வந்து பார்த்த ஒரு வீட்டார் அப்புறம் தரகரிடம், "மாப்பிள்ளைக்கு வயசு கூட இருக்கும் போலிருக்கே" என்று கேட்டிருக்கிறார்கள்.

முடி நடுவதற்குக் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒரு கிளினிக்கில் இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் முடித்துவிடலாம், இந்த மாதமே பணம் கட்டினால் தள்ளுபடி என்று போன் மேல் போன். இன்னொரு தோல் மருத்துவரோ, "இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது, உங்களுக்கு எது முக்கியம் என்று யோசித்துவிட்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார். நண்பர்களைக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு உச்சியை மூடினால் போதும் என்று தோன்றுகிறது. எது முக்கியம் மேடம்?

ஒரு வாசகர், திருப்பூர்

*

அன்புள்ள தம்பிக்கு,

நேராகவே சொல்கிறேன். நடுவது என்று வந்தால் முன்பக்கம்தான் முக்கியம், உச்சிக்கு முதலில் மருந்து. ஆனால் இந்த மாதமே எங்கேயும் பணம் கட்ட வேண்டாம். நான் உளவியல் ஆலோசகர், மருந்துச் சீட்டு எழுதுகிறவள் இல்லை. முடிக்காக என்னிடம் வருகிற பையன்களில் நிறையப் பேர் பாதித் தகவலை வைத்துக்கொண்டு முழுப் பயத்தோடு வருகிறார்கள், அதனால் மருத்துவ விஷயத்தையும் கொஞ்சம் பேசித்தான் ஆக வேண்டும்.

உங்களோடு எதிரில் நின்று பேசுகிறவர் பார்ப்பது உங்கள் நெற்றியை. வயதை மனதில் கணக்குப் போடுவதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். இது ஒரு காரணம். இன்னொன்று, நடுகிற முடி எங்கிருந்து வருகிறது என்பது. பிடரியிலும் காதுக்கு மேலேயும் இருக்கிற முடிவேர்களுக்கு, இந்த வகைச் சொட்டைக்குக் காரணமான டிஹெச்டி என்ற ஹார்மோனைத் தாங்கும் குணம் அதிகம், அங்கிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் அந்தக் குணம் மாறாது. நார்மன் ஓரென்ட்ரைக் என்ற அமெரிக்க மருத்துவர் 1959இல் இதை எழுதியதிலிருந்துதான் இந்தச் சிகிச்சையே பரவியது. ஆனால் அங்கே எடுக்க முடிகிற வேர்களுக்கு ஓர் அளவு இருக்கிறது, பெரும்பாலானவர்களுக்கு ஆயுசு முழுக்கச் சில ஆயிரம்தான், எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது. உச்சியில் முடி சுழியாகப் பிரிந்து போவதால் மூட நிறைய வேண்டும், அந்த வட்டமும் வருஷா வருஷம் பெரிதாகும். 28 வயதில் நடுவில் நட்டுவிட்டு நாற்பதில் சுற்றிலும் இருந்த சொந்த முடி போய்விட்டால் நட்டது மட்டும் தனித் திட்டாக நிற்கும். அப்போது முன்பக்கத்துக்கு எடுக்கப் பின்னால் மிச்சம் இருக்காது. உங்கள் தோல் மருத்துவர் யோசிக்கச் சொன்னது இதனால்தான், அவரிடமே திரும்பப் போங்கள்.

மருந்தில் கணக்கு வேறு. மினாக்ஸிடில் முதலில் ரத்த அழுத்தத்துக்கு வந்த மாத்திரை, சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்ந்ததைப் பார்த்த பிறகுதான் தலையில் தடவும் மருந்தானது. ஃபினாஸ்டெரைட் டிஹெச்டி உருவாவதைக் குறைக்கிற மாத்திரை, அமெரிக்காவில் 1997இல் முடி உதிர்வுக்கு அனுமதி கிடைத்தது. ஏறிப்போன நெற்றியைவிட உச்சியில்தான் இந்த இரண்டும் பொதுவாக நன்றாக வேலை செய்கின்றன. பலன் தெரிய ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருஷம். மினாக்ஸிடில் தடவ ஆரம்பித்த முதல் வாரங்களில் சிலருக்குக் கூடுதலாகக் கொட்டும், அதைப் பார்த்துப் பயந்து பாதியில் விடுகிறவர்கள் அதிகம். நிறுத்தினால் வந்தது போய்விடும்.

தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஃபினாஸ்டெரைட் சிலருக்குத் தாம்பத்திய ஆசையைக் குறைக்கும், சிலருக்கு மனச்சோர்வைக் கொண்டுவரும். தற்கொலை எண்ணமும் அதன் பக்கவிளைவுதான் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. எல்லோருக்கும் இப்படி ஆகும் என்பதில்லை, ஆனால் உங்கள் மனநிலையை மருத்துவரிடம் முழுசாகச் சொன்ன பிறகுதான் அந்த மாத்திரையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். நண்பன் சாப்பிடுகிறான் என்று மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள்.

தள்ளுபடி கிளினிக் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 2016இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவர் முடி நடும் சிகிச்சைக்குப் போய் இறந்தே போனார். பயிற்சி பெற்ற, பதிவு பெற்ற மருத்துவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் நெறிமுறையே வெளியிட்டது. உங்களுக்கு தினமும் போன் செய்கிறவர் மருத்துவரா என்று யோசியுங்கள். வெங்காயச் சாறு, பழனியில் மொட்டை இதெல்லாம் வேரை மாற்றாது, வேண்டுதல் இருந்தால் மொட்டை போடுங்கள், முடிக்காகப் போட வேண்டாம்.

சரி, இனி என் வேலைக்கு வருகிறேன். முன்னால் போனது பழகிவிட்டது, உச்சியை மூடினால் போதும் என்கிறீர்கள். முன்பக்கம் உங்கள் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. உச்சியோ ஒரே நிமிஷத்தில், அடுத்தவர் பார்க்கிற கோணத்தில், கடைக்குள் நாலு பேர் நடுவே தெரியவந்தது. இத்தனை நாள் எல்லோரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், எனக்கு மட்டும் தெரியவில்லை என்ற நினைப்புதான் உங்களை அறுக்கிறது என்று நினைக்கிறேன். அந்த நினைப்புக்குப் பதில் சொல்ல வேர்களைச் செலவழிக்க வேண்டாம்.

2000இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு இருந்தவர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கூச்சம் தரக்கூடிய படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு ஆட்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். போட்டவர்கள், ஏறக்குறைய பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று நினைத்தார்கள், கவனித்ததோ கால்வாசிப் பேர்தான். யாருமே பார்ப்பதில்லை என்று நான் சொல்லவில்லை, கால்வாசிப் பேர் பார்த்திருக்கிறார்களே. நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பெண் வீட்டார் கவனித்தார்களே என்பீர்கள். 24 வயதில் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் 28 வயது ஆளை நேரில் பார்த்தால், வயதை மறைத்துவிட்டார்களோ என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர்கள் தரகரிடம் கேட்டதும் வயதைத்தானே, முடியை இல்லை. இதே தலையோடு இந்த மாதம் எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தச் சந்தேகம் வர வழியில்லை. முடி கொட்டியதற்காக வேண்டாம் என்கிற வீடுகள் உண்டு, மறுக்க மாட்டேன். அவர்கள் போட்டோவிலேயே விலகிக்கொண்டால் உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரு வேதனை மிச்சம். அம்மாவிடம் கோபப்படாமல் பேசுங்கள், பிள்ளையை யாரும் குறை சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அவர் பழைய போட்டோவைக் கொடுக்கிறார்.

தினமும் எடுக்கிற உச்சிப் போட்டோவை நிறுத்துங்கள். வெளிச்சமும் கோணமும் ஈரமும் மாறினால் அதே தலை ஒரு நாள் பரவாயில்லை போலவும் ஒரு நாள் எல்லாம் போய்விட்டது போலவும் தெரியும். மாதம் ஒரு தடவை, ஒரே இடம், ஒரே வெளிச்சம், காய்ந்த முடி. மருத்துவருக்கும் அதுதான் உபயோகம். சலூனில் பக்கவாட்டையும் மேலேயும் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள், நீள முடியை நெற்றிக்கு இழுத்துவிடுவது போன இடத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். அடுத்த மீட்டிங்கில் லைட்டுக்குக் கீழே காலியாக இருந்தால் அங்கேயே உட்காருங்கள், முதல் பத்து நிமிஷம் கஷ்டமாக இருக்கும், எழுந்துவிடாதீர்கள்.

ஓரிரு மாதம் முயன்றும் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை, விசேஷங்களுக்குப் போவதைத் தவிர்க்கிறீர்கள், நாளில் பல மணி நேரம் இதே நினைப்பு என்றால் நேரில் ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள், இதற்குச் சிகிச்சை இருக்கிறது. வாழ்வதே வேண்டாம் என்று எப்போதாவது தோன்றினால் காத்திருக்காமல் 14416க்குக் கூப்பிடுங்கள், அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

கடைசியாக, பெண்ணோடு தனியாகப் பேச வாய்ப்பு கிடைத்து, அதற்குள் மருந்தும் ஆரம்பித்திருந்தால் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள். ஃபினாஸ்டெரைட் மாத்திரை உடைந்திருந்தால் கர்ப்பமாக இருக்கும் பெண்கள் தொடக் கூடாது, ஆண் குழந்தையாக இருந்தால் சிசுவைப் பாதிக்கும். அதனால் அவருக்கு எப்படியும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.