ஆன்லைன் வியாபாரத்துக்கு நடுவே சிறுநகரக் கடைவீதியை மீட்பது எப்படி?

கடைவீதியில் கூட்டம் குறைகிறது, வியாபாரிகள் சங்கம் சொந்தமாக ஓர் ஆப் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஆப் செய்வது ஒருமுறைச் செலவு. ஒவ்வொரு கடையின் சரக்கையும் விலையையும் தினமும் மாற்றுவது யார்? அதற்குச் சம்பள ஆள் இல்லையென்றால் பட்டியல் சீக்கிரமே பொய்யாகிவிடும்.

அந்தப் பணத்தில் சிறு பகுதி போதும், வீதியின் எல்லாக் கடைகளையும் கூகுள் மேப்பில் சரியாக ஏற்றிவிடலாம். கடை உண்மையானதா என்று சரிபார்க்க கூகுள் பெரும்பாலும் வீடியோ கேட்கும். தெரு, பெயர்ப்பலகை, ஷட்டர் திறப்பது அல்லது பில் போடும் இடம், மூன்றும் வெட்டாமல் ஒரே வீடியோவில் வரவேண்டும். பலகையில் உள்ள பெயரையே கொடுங்கள். ‘குறைந்த விலை ஜவுளி’ என்று ஒட்டுச் சேர்த்தால் பக்கம் முடக்கப்படலாம். கணக்கு கடைக்காரரின் ஜிமெயிலில் இருக்கட்டும். ஏற்றிக்கொடுத்த பையனின் ஜிமெயிலில் இருந்தால், அவர் வேறு ஊர் போனபின் ஃபோன் நம்பரை மாற்றவே படாதபாடு படவேண்டும். வார விடுமுறையையும் மதியம் அடைக்கும் நேரத்தையும் கட்டாயம் குறிப்பிடுங்கள். பஸ் ஏறி வந்து பூட்டைப் பார்த்தவர் அடுத்தமுறை ஆன்லைனில்தான் வாங்குவார்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் கடை நம்பரைத் தம் ஃபோனில் சேமித்தவருக்குத்தான் செய்தி போய்ச்சேரும். பலருக்கு இது தெரியாமல் ‘பதிலே வரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். பில் போடும்போதே நம்பரைச் சேமிக்கச் சொல்லுங்கள்.

வரிக்குப் பயந்து ஆன்லைன் பக்கம் போகாத சிறு கடைகள் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 1.5 கோடி ரூபாய்க்குள் இருந்து காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) 1 சதவீத வரி கட்டும் வியாபாரியும் ஆன்லைன் தளம் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் விற்கலாம். ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் விற்று, ஜிஎஸ்டி பதிவே இல்லாதவரும் பான் எண்ணைக் கொண்டு ஜிஎஸ்டி தளத்தில் ஓர் அடையாள எண் பெற்று விற்கலாம். இருவருக்கும் வெளிமாநில ஆர்டர் கூடாது. டெலிவரி எல்லையை முதலிலேயே தமிழ்நாடு என்று அமைத்துவிடுங்கள்.

இத்தனை செய்தும் வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வீதி தேறாது. பல ஊர்களில் கடை வாசலை அடைத்து நிற்பவை முதலாளி, ஊழியர் வண்டிகளே. காலை 10 முதல் இரவு 8 வரை ஒரு பைக் நிற்கும் இடத்தில், அரைமணி நேரம் வந்துபோகும் 20 பேர் நிறுத்தலாம். முதலாளி, ஊழியர் வண்டிகள் கடை வாசலில் நிற்கக்கூடாது என்பதே சங்கம் முதலில் போடவேண்டிய தீர்மானம்.

பூக்காரம்மாவையும் தள்ளுவண்டிகளையும் விரட்டச் சொல்லி மனு கொடுக்காதீர்கள். மாலைக் கூட்டத்தை இழுப்பவர்கள் அவர்கள். 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளின் பிரதிநிதிகள். எந்த இடத்தில், எத்தனை மணி முதல் என்பதை அங்கே பேசி, சாலையில் கோடு போட்டு முடிவு செய்யுங்கள்.

மாடி அறைகள் காலியாகக் கிடந்தால் ஃபைபர் இணைப்பு, இன்வெர்ட்டர், சுத்தமான தனிக் கழிப்பறை மூன்றையும் முடித்துவிட்டு, கணினி வேலை செய்பவர்களுக்கு வாடகைக்கு விடுங்கள். கழிப்பறை சரியில்லாத மாடிக்குப் பெண்கள் வரமாட்டார்கள்.