மண்புழு செத்தால் பூச்சி போகுமா?

கேள்வி: 'ஆய்வகத்தில் நிரூபணமானது' என்ற மூலிகைப் பூச்சிப் பொடியை 450 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வாரம் கொடுத்தும் மகன் ராத்திரி முழுக்கப் பின்பக்கத்தைச் சொறிகிறான். கூட வந்த தாளை இணைத்திருக்கிறேன்.
– வாசகி, சேலம்

பதில்: தாளைப் படித்தேன் அம்மா. 'பொடியின் சாறு 18 நிமிடத்தில் புழுவைக் கொன்றது' என்கிறது. எந்தப் புழு? கீழே பொடி எழுத்தில் இருக்கிறது: மண்புழு!

தோட்டத்தில் தோண்டிய மண்புழுவைக் கண்ணாடித் தட்டில் போட்டுச் சாற்றை ஊற்றுவார்கள். ஊசியால் சீண்டியும், வெந்நீரில் போட்டும் நெளியாவிட்டால் செத்ததாகக் கணக்கு. கல்லூரி ஆய்வில் மலிவான முதல் படி இது, அதோடு சரி. நாம் இரண்டையும் நாக்குப்பூச்சி என்போம், ஆனால் மண்புழு வேறு இனம், குடற்புழு வேறு இனம். கெட்டியான உப்புத் தண்ணீரிலேயே மண்புழு செத்துவிடும். உப்பை டப்பாவில் அடைத்து 450 ரூபாய்க்கு விற்கலாமா?

ஐவர்மெக்டின் என்ற புழு மருந்து பிறந்த கதை வேறு. ஜப்பான் மண்ணில் எடுத்த நுண்ணுயிரை வளர்த்த குழம்பை, குடலில் புழு இருந்த எலிகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்தார்கள். வயிற்றுக்குள் போயும் வேலை செய்தது. 2015இல் நோபல் பரிசு.

நானும் ஏமாந்தவன்தான். பளபளக்கும் சான்று ஸ்டிக்கரை நம்பி நாய்க்குட்டிக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். மறுவாரமும் மலத்தில் நாடாப்புழுத் துண்டுகள் அரிசி மாதிரி நெளிந்தன.

மகனை டாக்டரிடம் காட்டுங்கள். கீரிப்பூச்சி என்றால் வீட்டில் எல்லோரும் மாத்திரை சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறையும் சாப்பிட வேண்டிவரும்.

கேள்வி: பூச்சி மாத்திரை காலாவதியாகி மூன்று மாதம்தான் ஆகிறது. பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: நாலு வருஷமாக ஆடுகளுக்கு ஒரே குடற்புழு மருந்து. இப்போது கேட்பதில்லை. போலியா?

பதில்: ஆட்டை எடை போட்டீர்களா, கண்ணளவில் ஊற்றினீர்களா? குறைவாக ஊற்றி ஊற்றியே புழுவை மருந்துக்குப் பழக்கியிருப்பீர்கள். கடைக்காரரைத் திட்டும் முன், மருந்து கொடுக்கும் நாளிலும் இரண்டு வாரம் கழித்தும் புழுக்கையைக் கால்நடை மருத்துவமனையில் கொடுத்து முட்டையை எண்ணச் சொல்லுங்கள். சரியான அளவு கொடுத்தும் 95 சதவீதம் குறையவில்லை என்றால் மருந்தை மாற்றச் சொல்வார்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய பூச்சி மாத்திரை தொட்டாலே உதிர்கிறது. நானே சோதனைக்கு அனுப்ப முடியுமா? பில் வாங்கவில்லை.

பதில்: முடியும். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, வாங்கியவர் யாரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை பெறலாம். ஆனால் அந்தக் கடையில்தான் வாங்கினீர்கள் என்று எதைக் காட்டுவீர்கள்? எத்தனை தடவைதான் எழுதுவது, பில், பில் என்று!